உயிர் தோன்றிய ஜாடியைக் கழுவியவன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தாம்பரத்தில் வாடகை லாரியில் வீடு வீடாகத் தண்ணீர் லோடு அடித்து, மூன்று சொந்த லாரி, மாடி வீடு என்று வளர்ந்தேன். எல்லாம் இந்தக் கை. பூமியில் தோன்றிய உயிரை அழித்ததும் இதே கைதான். (நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள்.)

தொண்ணூறுகளின் தொடக்கம். என் மகள் எஸ்தர் ஒன்பதாவது படித்தாள். அறிவியல் கண்காட்சிக்கு அவள் எடுத்தது பூமி பிறந்த கதை. களிமண்ணில் ஒரு எரிமலை. பக்கத்தில் வைக்க ஒரு கண்ணாடி ஜாடி. அதில் கருங்கல் துண்டுகளும் செம்பாக்கம் ஏரித் தண்ணீரும். ஆறு வாரம் மொட்டை மாடியில் வைத்து தினமும் நோட்டில் எழுதினாள். ஜெயித்தால் மாவட்டப் போட்டி. வாயே திறக்காத பெண் அது. இதற்காகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினாள்.

அன்று காலை எரிமலையோடு முன்னால் போனவள், "ஜாடியை மட்டும் ஆடாம எடுத்துட்டு வாங்கப்பா" என்றாள்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பச்சைப் பசேலென்று பாசி. தண்ணீர்க்காரன் வீட்டு ஜாடியா இது?

"அவளை ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் மனைவி.

"இன்னாத்த கேக்கறது? நாலு பேர் பாக்கற எடம்."

தேங்காய் நாரால் தேய்த்தேன். கற்களையும் விடவில்லை. என் லாரித் தண்ணீரை ஊற்றி, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரும் போட்டு, துணியால் மூடிக் கொண்டுபோனேன்.

நடுவர் அம்மா முன்னால் துணியை எடுத்த எஸ்தர் அப்படியே நின்றாள். அந்த அம்மா ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"இருக்காது மேடம். நம்ம தண்ணி. ஒரு புழு பூச்சி காட்டுங்க, லாரிய வித்துடறேன்."

எஸ்தர் திரும்பினாள். "கழுவினீங்களாப்பா?"

"பாசி புடிச்சிகினு இருந்துச்சும்மா."

"அதுதாம்பா உயிர்."

நெருப்புக் கோளம் ஆறி, மழை கொட்டி, கடல் நிறைந்து, கோடிக்கணக்கான வருஷம் கழித்து வந்த உயிராம். சுவரில் அவளே வரைந்து மாட்டியிருந்தாள். நான் பல் தேய்க்கிற நேரத்தில் அதை முடித்திருந்தேன். பேசிப் பழகியதில் ஒரு வரிகூட அவள் வாயிலிருந்து வரவில்லை. நடுவர் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

திரும்பும்போது லாரியில் ஜாடி அவள் மடியில் இருந்தது. ஏரிக்கரையில் நிறுத்தி, "வேற தண்ணி மொண்டு தரட்டாம்மா?" என்றேன்.

"ஆறு வாரம் ஆகும்பா."

ஊருக்கே தண்ணீர் ஊற்றியவன். அந்த ஒரு ஜாடியை நிரப்ப வழி தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

எஸ்தர் இன்று உயிரியல் டீச்சர். அவளுக்கு மகன் பிறந்தபோது, நர்ஸ் குழந்தையை என்னிடம் நீட்டினார். கட்டிலில் இருந்து குரல் வந்தது: "சிஸ்டர், அப்பாகிட்ட குடுக்காதீங்க. கழுவிடுவாரு."

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். நீட்டிய கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டேன்.