வயிறு பூட்டிக்கொண்டால் மச்சான் செய்ய வேண்டியது

அன்பும் ஆயுளும் நிறைந்த மச்சானுக்கு,

உன் அக்காளைக் கட்டியவன் சொல்லச் சொல்ல, என் மருமகள் எழுதுவது. இங்கே என் வயிறு உள்பட அனைவரும் சுகம். அங்கே உன் வயிறு உள்பட அனைவரும் சுகமாக இருக்க வேண்டும்.

பால் வண்டி பாலத்துச் சுவரை இடித்துக்கொண்டு ஆற்றில் விழுந்து, ஆறு ஒரு காலை முழுக்க வெள்ளையாக ஓடிய வருஷம் உனக்கு மறந்திருக்காது. அந்த வருஷம்தான் லிஃப்ட் மெக்கானிக்குகள் நாம் ரெண்டு பேரும் ஜவுளிக்கடை மாடிக்கு லிஃப்ட் மாட்டினோம். நீ ஆசையாக வளர்த்த மீசையை, கடை முதலாளியம்மா பார்த்துச் சிரித்தாள் என்று மறுநாளே வழித்தாய். அந்த வருஷம்தான் என் குடல்வால் வெடித்து, வயிற்றை மேலிருந்து கீழ்வரை திறந்தார்கள். பாலை ஆறு மறந்தது, மீசையை நீ மறந்தாய், என் வயிறு மட்டும் எதையும் மறக்கவில்லை. வெட்டிய இடம் உள்ளே ஆறும்போது குடலோடு குடல் ஒட்டிக்கொண்டதாம். ஒட்டிய இடத்தில் மடங்கினால் வழி அடைபடுமாம், அதைத்தான் நாம் பூட்டிக்கொண்டது என்கிறோம். நம் குடும்பத்தில் அண்ணன் தம்பி ஒட்டவில்லை, மாமியார் மருமகள் ஒட்டவில்லை, என் குடல் ஒன்றுதான் இத்தனை வருஷமாக ஒற்றுமையாக இருக்கிறது. ("மாமா, மாமியார் மருமகள் விஷயத்தையும் எழுதணுமா?" என்கிறாள். எழுதும்மா.)

போன வருஷம் உனக்குக் குடலில் கட்டி எடுத்தார்கள். போன மாதம் முதல் தடவையாகப் பூட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், "இனிமே போகமாட்டேன்" என்றாயாம். உன் மகள் போனில் சொல்லி அழுகிறாள். ஒரு நாளைக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டாய் என்றுதானே உனக்குத் தந்தி என்று பேர் வைத்தோம். அந்த ரெண்டு வார்த்தையை இதற்கா செலவழிப்பது? போனில் புத்தி சொன்னால் "ம்" கொட்டிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இந்த வியாதியில் உனக்கு நான் சீனியர் என்பதை முதலில் ஒத்துக்கொள். உனக்கு ஒரு தடவை பூட்டியிருக்கிறது, எனக்கு எத்தனை தடவை என்று ஆஸ்பத்திரிக்கே கணக்கில்லை. பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்திருந்தபோது பூட்டிக்கொண்டது. வாய்க்கும் வயிற்றுக்கும் சம்பந்தமில்லை என்று அவர் சத்தியம் செய்தார். ஓட்டுப் போடும் வரிசையில் பூட்டிக்கொண்டது, வலியில் நான் குனிந்ததைப் பார்த்து வேட்பாளர் தனக்குக் கும்பிடு போடுவதாக நினைத்து அவரும் குனிந்தார். சம்பந்தி வீட்டுப் புதுச் சோபாவில் பூட்டிக்கொண்டபோது சம்பந்தி "வெறும் வாயுதான், சோடா குடிங்க" என்றார், குடித்தேன், சோடா அதே சோபாவுக்குத் திரும்பி வந்தது, இன்றைக்கும் அவர் எனக்கு மர நாற்காலிதான் போடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய் போட்டு நீவினார், வயிறு தவில் மாதிரி ஆனது. இத்தனைக்கும் நான் ஒரு தடவைகூடப் பயந்ததில்லை, வலித்ததும் யார் சொல்லும் முன்னே கிளம்பிவிடுவேன், அதை நீ எழுதி வைத்துக்கொள்.

கிளம்புவது எதற்கு என்று கேட்டால், ஆஸ்பத்திரியில் சின்ன டாக்டரம்மா என்னிடம் சொன்னதைச் சொல்கிறேன். "தாத்தா, மடங்கின இடத்துல ரத்தம் நின்னுட்டா குடல் கறுத்துடும். வீட்ல காத்திருந்தா எங்களால காப்பாத்த முடியாம போயிடும். வலிச்சதும் வந்துடுங்க." விளையாட்டில்லை மச்சான்.

அங்கே போனால் என்ன செய்கிறார்கள்? நம் வேலையைத்தான். லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றால் கதவை இடிக்கக் கூடாது, பட்டனை அமுக்கக் கூடாது. வயிற்றுக்கும் அப்படித்தான்: வாய் வழியாக ஒன்றும் இல்லை, மூக்கில் குழாய், கையில் குளுக்கோஸ், பொறுமை. லிஃப்டுக்குள் மாட்டியவர்களுக்குக் கதவடியில் நின்று நான் பேச்சுக் கொடுப்பேன், மொட்டைமாடி அறையில் நீ சக்கரத்தைக் கையால் சுற்றுவாய். சுற்றும் முன் நீ "இருக்கியா?" என்று கத்த, நான் "இருக்கேன்" என்று சொன்னால்தான் சக்கரம் அசையும். வயிறு வெட்டின வாரத்தில் என் கட்டிலுக்கு வந்தும் நீ அதைத்தான் கேட்டாய். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அது போதுமாக இருந்தது.

வழி திறந்த நாளின் பெருமையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வந்து நின்று, "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்கிறார். எந்த மந்திரியை யார் அப்படி மரியாதையாகக் கேட்டார்கள்? போன தடவை பதிலை நான் வாயால் சொல்லவில்லை. வார்டே கேட்டது. எதிர்க் கட்டில் தபால்காரர் கை தட்டினார். நர்ஸம்மா, "பெரியவரே, பாஸ்!" என்றாள். பள்ளிக்கூடமே போகாத நான் பாஸான ஒரே பரீட்சை அது.

ஆகவே வலித்தால் போ. குழந்தை குட்டிகளோடு நீடூழி இரு. உன் மகளுக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அத்தான், கைநாட்டு.

பின்குறிப்பு: மேலே என் வயிறு சுகம் என்று சொல்லியிருந்தேன், அதை அடித்துவிடவும். இதை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து சொல்கிறேன். கடிதத்துக்கு முந்தின ராத்திரி ஆரஞ்சுப் பழத்தைச் சக்கையோடு விழுங்கினேன், சக்கை மடிப்பில் போய் அடைத்துக்கொண்டது. கடிதம் சொல்ல உட்காரும்போதே வலி இருந்தது, முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று அடக்கிக்கொண்டேன். மருமகள் ஆம்புலன்ஸில் வழி முழுக்க, "வலிச்சதும் கிளம்பணும்னு என் கையால எழுத வெச்சீங்களே மாமா!" என்று கத்திக்கொண்டே வந்தாள். குழாய் போடும்போது நான் நர்ஸம்மாவின் கையைப் பிடித்து அழுதேன் என்றும் சொல்வாள். அழுதேன்தான். பயமாகத்தான் இருந்தது, ஒவ்வொரு தடவையும் இருக்கும்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கிறது. உனக்கு வலிக்கும்போது வா, பேச்சு நான் கொடுக்கிறேன். வயிறு வெட்டின அந்த வருஷம் என் தலைமாட்டில் நின்று "இருக்கியா?" என்று கேட்டவர்களில் உன் அக்கா போய்விட்டாள். அப்போது அடுத்த கட்டிலில் கிடந்த கறிக்கடைக்காரர் போய்விட்டார். வெட்டின டாக்டரும் வராந்தாவில் படமாகத் தொங்குகிறார். இன்னும் இருப்பது ஒரே ஆள், தந்தி.