பவுடர் பாயும் எங்கள் வாசல் ஆரத்தியும்

திருச்சியில் பவுடர் பாயைப் போல முகப்பவுடர் செலவழித்த ஆள் வேறு யாரும் கிடையாது. கல்யாணப் பெண்களையெல்லாம் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் அவர் முகத்தில் ஒரு பொட்டுப் பவுடரைக்கூட யாரும் பார்த்ததில்லை. அத்தனையும் காருக்கு அடியில் போய்விடும். பாலக்கரையில் கார் ஷெட் வைத்திருக்கிறார். நிஜப் பெயர் என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் திட்டியிருப்பார்.

நான் அவரிடம் போனதே கொதித்துப்போய்த்தான். என் மனைவி வத்சலாவுக்குச் சிறு வயதிலிருந்தே இடது காலில் பலம் கிடையாது, க்ளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் க்ளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைப் பழசாக வாங்கினோம். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, தான் பாடம் நடத்தும் பள்ளிக்கு அவளே ஓட்டிக்கொண்டு போவாள். அந்தக் கார் ஒருநாள் பாலத்தின் நடுவில் உறுமியது, ஆனால் நகரவில்லை. கியர்பாக்ஸில் இருக்க வேண்டிய ஆயில் எங்கேயோ ஒழுகிப் போயிருந்தது.

பார்த்த மெக்கானிக் ஒவ்வொருத்தனும் கியர்பாக்ஸின் அடித்தட்டில் சொட்டு நிற்பதைப் பார்த்துவிட்டு அந்தத் தட்டில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றினான். அவனவன் ஷெட்டிலேயே மறுபடி ஒழுகியது. மறுபடி அதையே மாற்றினான். கடைசியில் ஒருத்தன், "வித்துத் தலைமுழுகுங்க சார். மேடத்தை நீங்களே கொண்டுபோய் விட்டுடலாமே?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் ஸ்பானராலேயே அவனை அடித்திருப்பேன். வத்சலா வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "என்னை யாரும் கொண்டு விட வேண்டாம். கொண்டு விடறவாளுக்காகக் காத்துண்டு நின்ன காலமெல்லாம் போறும்." லீவு முடிந்து திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது.

காரைக் கட்டி இழுத்துக்கொண்டு பாயிடம் போனோம். குனிந்து பார்த்தவர் நிமிரும்போதே கத்தினார்.

"எவ்வளவு நாளா ஒழுகுது?"

"தெரியலையே பாய்."

"தெரியலையா? இந்த ஆயில் ரத்தச் செவப்பு சார்! வாசல்ல சொட்டியிருக்குமே. கண்ணை எங்க வச்சிருந்தீங்க?"

வத்சலாவின் முகம் மாறிவிட்டது. "செவப்பாவா?" என்றாள்.

எங்கள் தெருவில் வாசலில் சிவப்பாகக் கிடந்தால் அது ஆரத்தி கொட்டிய இடம். யாரும் வேறு மாதிரி யோசிக்க மாட்டார்கள். வத்சலாவும் யோசிக்கவில்லை. எதிர்வீட்டு மாமிதான் தன் வீட்டு ஆரத்தியை எங்கள் வாசலில் கொட்டுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டாள். மாமியோ ஒருநாள் இவளைப் பிடித்துக்கொண்டாள்: "ஏண்டி, ஆத்துல விசேஷம்னா சொல்லப்படாதோ? தினம் ஆரத்தி கொட்டறே, எனக்கு ஒரு வெத்தலை பாக்கு கிடையாதா?" கொட்டுவதையும் கொட்டிவிட்டு நாடகம் வேறு ஆடுகிறாளே என்று வத்சலா பேச்சையே நிறுத்திவிட்டாள். தினமும் காலையில் காரை நகர்த்தி, தண்ணீர் தெளித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சிவப்பின் மேலேயே கோலம் போட்டாள்.

பாய் தலையில் அடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்! வண்டி ரத்தம் சிந்துது, இவங்க அதுமேல கோலம் போட்டுட்டு எதிர்வீட்டோட சண்டை போட்டிருக்காங்க!"

பிறகு அடிப்பாகம் முழுவதையும் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்தார். புது ஆயில் ஊற்றினார். ஒழுகினால் வெள்ளையில் சிவப்பாகத் தெரியும் என்று டப்பா டப்பாவாகப் பவுடரைத் தூவினார். ஷெட் முழுக்க மல்லிகை வாசனை. "ரேடியேட்டருக்குப் போற பைப்புதான். வேற இடமா இருந்தா என் மீசையை எடுத்துக்குங்க" என்று சத்தியம் செய்துவிட்டு, காரைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டி வந்து, இன்ஜினை அணைக்காமலே அடியில் பார்த்தார். பைப் வெள்ளை வெளேரென்று இருந்தது. மற்ற இடமும் அப்படித்தான். பவுடர் டப்பா பறந்துபோய்ச் சுவரில் மோதியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்களும் அவனுங்க மாதிரிதானா பாய்?" என்றேன்.

"இந்த ஷெட்டுல கோவப்படறதுக்கு ஒரு ஆள் போதும் சார், அது நான். நீங்க வெளிய போய் டீ குடிங்க!"

"மாட்டேன்!"

"அப்ப கத்தாம நில்லுங்க!"

இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தபோது, டயர் மேல் உட்கார்ந்திருந்த வத்சலா சொன்னாள்: "பாய், ராத்திரி நிறுத்தி வச்சாத்தானே காலம்பற செவப்பு இருந்தது? ஓட்டிண்டு வந்த உடனே வாசல்ல ஒண்ணும் இருக்காது."

பாய் கத்துவதை விட்டு அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி சொல்றது சரி. இன்ஜின் நின்னா உள்ள ஆயில் மட்டம் ஏறும். மேல எங்கயோ ஓட்டை!" என்று இன்ஜினை அணைத்தார். மூன்று பேரும் காத்திருந்தோம். பிறகு அடியில் புகுந்து டார்ச் அடித்தார். வெள்ளைப் பவுடரில் ஒரு சிவப்புக் கோடு. ஆயில் அளக்கும் கம்பியின் குழாய் கியர்பாக்ஸில் நுழையும் இடத்தில் ஆரம்பித்து, பக்கவாட்டில் வழிந்து, அடித்தட்டின் விளிம்புக்கு வந்து சொட்டியது. அந்தக் குழாயைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது.

"ஒழுகற இடம் மேல இருக்கு. பாவிங்க, சொட்டற இடத்தையே கழட்டிக் கழட்டி மாட்டியிருக்கானுங்க!" என்றவர், வளையத்தைக் கையில் எடுத்து அதையும் திட்டினார். "ஏண்டா, மோதிரம் அளவு இருந்துக்கிட்டு ஒரு பொம்பளைய நடுப்பாலத்துல நிறுத்துவியா?"

புது வளையம் மாட்டி மறுபடி பவுடர் தூவியானதும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்க்க நான் டிரைவர் சீட்டில் ஏறினேன். பாய் கதவைத் திறந்தார். "எறங்குங்க சார். இது அவங்க காலு. அவங்கதான் ஓட்டணும்." வத்சலாவைத் தனியாக முக்கொம்பு வரை அனுப்பினார். அவள் திரும்பி வரும்வரை என்னையும், ரோட்டையும், அரசாங்கத்தையும் திட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். வந்ததும் காரை அணைத்துவிட்டு மறுபடி காத்திருந்தோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது. வத்சலா சாவியை என்னிடம் தரவில்லை, தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவளே பாலத்தைத் தாண்டிப் போனாள். மாமிக்கு வெற்றிலை பாக்கும் போய்ச் சேர்ந்தது. சொட்டினால் உடனே தெரிய வேண்டும், அதனால் கார் நிற்கும் இடத்தில் கோலம் போடக்கூடாது என்பது பாயின் உத்தரவு. அந்த இடம் இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் நான் குனிந்து பார்க்கிறேன். ஒரு சொட்டு கிடையாது. எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஒழுகாத காரை வைத்துக்கொண்டு, என்ன சாக்குச் சொல்லி நான் பாயைப் பார்க்கப் போவது?