சுடுவது நீ, மற்றதெல்லாம் நான்

துப்பாக்கிப் பெட்டி மூன்றாவது முறையாக 'பீப்' என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"போச்சு. இருபது நிமிஷம் பூட்டிக்கிச்சு" என்றார் வெண்டல்.

"அது பூட்டித்தானே இருந்துச்சு?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் அவர் மனைவி கோரின்.

"அது சாதாரணப் பூட்டு. இது தப்பு நம்பர் போட்டதுக்குத் தண்டனைப் பூட்டு. இனிமே இருபது நிமிஷத்துக்கு சரியான நம்பரைப் போட்டாலும் திறக்காது."

"சரியான நம்பர் எது?"

வெண்டல் பெட்டி முன்னால் மண்டியிட்டார். தெரிந்தால் சொல்லியிருக்க மாட்டாரா?

நவம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு, காலை ஏழு மணி. நன்றித் திருநாள் விருந்து முடிந்து மூன்று நாள் ஆகியும் வான்கோழி தீராத வீடு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் மூஸ் வேட்டைக்கு அன்றுதான் கடைசி நாள். சூரியன் மறைந்து அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான். அதைச் சுட வேண்டுமென்றால் குலுக்கலில் பர்மிட் விழ வேண்டும். நூறு பேர் எழுதிப்போட்டால் ஒருவருக்கு விழுந்தாலே பெரிய விஷயம். வெண்டல் பதினெட்டு வருஷமாக எழுதிப்போட்டார். வாய்ப்பு இரட்டிப்பாகட்டும் என்று, அந்த ஊர்க் கணவர்கள் எல்லோரும் செய்கிறபடி, மனைவி பேரிலும் ஒரு விண்ணப்பம் போட்டுவந்தார். பதினெட்டாம் வருஷம் கம்ப்யூட்டர் கண் திறந்தது. திறந்த கண் கோரினைப் பார்த்துவிட்டது.

பர்மிட் யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் சுட வேண்டும் என்பது சட்டம். வெண்டல் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் முகம் மலர்ந்து எழுந்தார்.

"கோரி, ஒரு பிரச்சினையும் இல்லே. சுடுறது நீ, மத்ததெல்லாம் நான்" என்றார்.

அந்த 'மத்ததெல்லாம்' என்ற ஒரு சொல்லில்தான் அந்த வருஷத்து இலையுதிர் காலம் முழுக்க அடங்கிப் போயிற்று.

வெண்டல் ஊரில் இருக்கும் ஒரே வேட்டைச் சாமான் கடையில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறவர். துப்பாக்கி வாங்க வந்தவரை அவர் சும்மா அனுப்பியதே கிடையாது. "விலையைப் பாத்து வாங்காதே, தோள்ல வெச்சுப் பாத்து வாங்கு. பெரிய தோட்டா வேணும்னு ஆசைப்படாதே, துப்பாக்கி தோள்ல உதைக்குமேன்னு பயந்து கண்ணை மூடிக்கிட்டுச் சுடுவே. பூட்ஸை சாயங்காலம் வாங்கு, அப்பதான் பாதம் வீங்கியிருக்கும்." எல்லாமே நல்ல யோசனைதான். கேட்டு முடிப்பதற்குள் கடை மூடிவிடும், அது ஒன்றுதான் குறை.

செப்டம்பர் நடுவில் வேட்டை தொடங்கியது. கோரினுக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அவளுடைய பூட்ஸுக்கு இன்னொரு மூன்று வாரம். வேட்டைக்காரர்கள் கட்டாயம் போட வேண்டிய ஆரஞ்சுச் சட்டை பத்து கஜத்தில் ஒரு நிறமும் நூறு கஜத்தில் ஒரு நிறமுமாகத் தெரிகிறது என்று இரண்டு முறை கடைக்குத் திரும்பிப் போயிற்று. "அவசரப்படாதே, மூஸ் எங்கேயும் போயிடாது" என்று வெண்டல் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் மிஞ்சியது இந்த ஒரு நாள்.

"போன வாரம்தான் நம்பரை மாத்தினேன். முன்னாடி நம்ம கல்யாணத் தேதியை வெச்சிருந்தேன். அது யார் வேணும்னாலும் கண்டுபிடிக்கிற நம்பர்" என்று பெட்டி முன்னால் மண்டியிட்டபடி சொன்னார்.

"உனக்குத்தான் ஒவ்வொரு வருஷமும் அது மறந்து போகுதே, அதனால மாத்தினியோன்னு நினைச்சேன்."

"புது நம்பரை எழுதி வெச்சிருக்கேன், கோரி!"

"அப்பாடா. எங்கே?"

"பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன்."

கோரின் சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். கணவரின் வழுக்கைத் தலையைச் சிறிது நேரம் பார்த்தாள்.

"வெண்டல், எழுந்திரு. முதல்ல நான் ஒண்ணு சொல்லணும்."

"எதுவா இருந்தாலும் வண்டியில சொல்லு. அவசரச் சாவின்னு ஒண்ணு இருக்கு! நான் என்ன முட்டாளா, அவசரச் சாவி இல்லாம இருக்க?"

"அது எங்கே இருக்கு?"

"தோட்டாப் பெட்டியில. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே இடத்துல இருக்கக் கூடாது, சாவியும் பக்கத்துல இருக்கக் கூடாது. கடையில வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேனே."

"சரி, தோட்டாப் பெட்டியைத் திற."

வெண்டல் கட்டிலுக்கடியிலிருந்து தோட்டாப் பெட்டியை இழுத்தார். அதிலும் ஒரு பூட்டு. அந்தப் பூட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி, துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்தார்.

"அய்யோ, இல்லேன்னு சொல்லு" என்றாள் கோரின்.

"பாதுகாப்பா இருக்கட்டும்னு இதோட சாவியை அதுக்குள்ளே..." என்றார் வெண்டல்.

எட்டரை மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர், ஐவர் என்பவர், கடப்பாரையோடு வந்தார். ரயில்வேயில் தண்டவாளம் பெயர்த்து ஓய்வு பெற்றவர். இந்த மாதிரி அழைப்புக்காகவே உயிரோடிருப்பவர் போல உற்சாகமாக உள்ளே நுழைந்தார்.

"ஏம்ப்பா வெண்டல், ஊருக்கே வகுப்பெடுக்கிற ஆளு. உன் பொட்டியே உன்னை நம்பலையா?"

"பேசாம நெம்புங்க, ஐவர். வெளியில சொன்னீங்க, நம்ம சிநேகிதம் அத்தோட சரி."

ஐவர் தோட்டாப் பெட்டியை நெம்பினார். மூடி திறந்தது என்று சொன்னால் போதாது. மூடி ஒரு பக்கம் பறந்தது, பெட்டி கவிழ்ந்தது, நாற்பது தோட்டாக்கள் தரையில் உருண்டு ஓடின. வெண்டல் முழங்காலில் தவழ்ந்து சாவியைப் பிடித்துவிட்டார். அதைத் துப்பாக்கிப் பெட்டியில் நுழைத்து, பதினெட்டு வருஷத்து ஆசையையும் சேர்த்து ஒரு திருகு திருகினார்.

'டக்' என்றது. கையில் பாதிச் சாவி இருந்தது.

"நல்லதாப் போச்சு, இப்ப உன்கிட்ட சாவி ரெண்டு இருக்கு" என்றார் ஐவர்.

"வெண்டல், இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ஐவர்கிட்ட துப்பாக்கி இருக்கே..." என்று தொடங்கினாள் கோரின்.

"கடன் துப்பாக்கியா!" வெண்டல் துடித்து எழுந்தார். "உன் தோளுக்கு அளவெடுத்து, கட்டையில அரை அங்குலம் இழைச்சு வெச்சிருக்கேன். குறி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரியாத ஒரு கிழட்டுத் துப்பாக்கியை நம்பி உன்னை மூஸ் முன்னாடி நிறுத்துவேனா?"

"என் துப்பாக்கி எங்கேயும் இழுக்காது. இப்ப சமீபத்துலகூட அதை..." என்று ஐவர் வாயெடுத்தார்.

"ஐவர், பூசணி இனிப்பு இன்னொரு துண்டு சாப்பிடுறீங்களா?" என்று கேட்ட கோரின், பதிலுக்குக் காத்திராமல் தட்டை அவர் கையில் திணித்தாள். ஐவர் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் எழுந்திருக்கவே இல்லை. வேடிக்கை பார்க்க அந்த வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடையாது.

எண்பது மைல் தொலைவிலிருந்து பூட்டுக்காரர் மெர்ல் வந்து சேரும்போது பதினொன்றரை. அதுவரை வெண்டல் வாசலுக்கும் பெட்டிக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

மெர்ல் பேசாத மனிதர். துளைக்கருவியை எடுத்துப் பூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். இருபது நிமிஷம் வீடே அலறியது. கடைசியில் உள்ளே ஏதோ ஒன்று 'தொம்' என்று விழுந்தது.

"திறந்துடுச்சா?" வெண்டல் துள்ளினார்.

"இல்லீங்க. திருடன் துளை போட்டா இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிற மாதிரி உள்ளே ஒரு கொக்கி வெச்சிருக்கான். அது விழுந்துடுச்சு. ரொம்ப நல்ல பொட்டியாப் பாத்து வாங்கியிருக்கீங்க."

"நானே தேர்ந்தெடுத்தது" என்றார் வெண்டல். அந்த நிலையிலும் அவர் குரலில் பெருமை வழிந்ததை என்ன சொல்ல!

"முன்னாடி இரும்பு தடிமனா இருக்கு. சாயங்காலம் வரைக்கும் அறுத்தாலும் வராது. பின்பக்கம் தகடுதான், பத்து நிமிஷ வேலை. பொட்டியைக் கொஞ்சம் நகர்த்துங்க."

"நகராது. தரையோட முடுக்கியிருக்கேன். பொட்டியை அப்படியே தூக்கிட்டுப் போயிடக் கூடாதில்ல?"

"திருகாணியை எங்கேயிருந்து கழட்டணும்?"

"உள்ளேயிருந்து" என்று வெண்டலுக்கு முன்னால் பதில் சொன்னாள் கோரின். கேள்விகளுக்கெல்லாம் அன்று ஒரே விடைதான் என்பது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது.

மெர்ல் சுவரைத் தட்டிப் பார்த்தார். "இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

மூன்று பேரும் சமையலறையைப் பார்த்தார்கள். நான்காவது ஆளான ஐவர் நாற்காலியைச் சுவருக்கு எதிரே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்" என்றாள் கோரின். "வெண்டல், சுவர்ல கை வைக்காதே. எனக்கு இன்னைக்கு வேட்டையே வேண்டாம். உட்காரு, நிதானமாப் பேசுவோம்."

வெண்டல் அவளைப் பார்த்தார். பயப்படுகிறாள் பாவம், என்று நினைத்துக்கொண்டார். நாற்பது சென்டிமீட்டர் பனியும் ஐந்நூறு கிலோ மிருகமும் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

"கோரி, பதினெட்டு வருஷம்" என்றார். "ஒவ்வொரு வருஷமும் முடிவு வர்ற அன்னைக்கு நான் கொட்டகையில போய் நின்னு அழுதிருக்கேன். உனக்குத் தெரியாது. நம்ம வீட்டுக்குன்னு வந்தது இந்த ஒரே ஒரு பர்மிட். நான் சுடணும்னு இல்லே. அந்த ஆத்தங்கரைப் புதர்ல அது தலையைத் தூக்கிப் பாக்கிறப்போ உன் பக்கத்துல நான் நிக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

கோரினின் கண் கலங்கிவிட்டது. எதையோ சொல்ல வந்தவள் நிறுத்திக்கொண்டாள். அலமாரியைத் திறந்து தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்க ஆரம்பித்தாள்.

"அறுங்க, மெர்ல்" என்றாள்.

அலமாரி கழன்றது. சுவர் பிளந்தது. பெட்டியின் முதுகில் தீப்பொறி பறந்தபோது வெண்டல் விரலை உயர்த்தி, "பாத்தியா? தோட்டாவைத் தனியா வெச்சது எவ்வளவு நல்லதாப் போச்சு!" என்றார். தோட்டாக்கள் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் உருண்டு கிடந்தன. மீதி வான்கோழிமேல் சுண்ணாம்புத் தூள் பனியாகப் பெய்தது. மத்தியானம் மணி இரண்டு பத்து ஆனபோது, உப்பு ஜாடி இருந்த இடத்திலிருந்து ஒரு துப்பாக்கிக் கட்டை எட்டிப் பார்த்தது.

வெண்டல் அதைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல் வாங்கினார். ஐவர் கைதட்டினார். பேசாத மெர்ல்கூடச் சிரித்துவிட்டார்.

"இரண்டே முக்கால் மணி நேரம் இருக்கு வெளிச்சம்! ஓடு, கோரி, ஓடு!"

பன்னிரண்டு நிமிஷத்தில் கோரின் தயாரானாள், அல்லது தயாராக்கப்பட்டாள். உடம்பில் மூன்று அடுக்குக் கம்பளி, அதன்மேல் ஆரஞ்சுச் சட்டை, இடுப்பில் கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பான், கழுத்தில் தொலைநோக்கி, முதுகில் மூட்டை, ஒன்று பொய் சொன்னால் மற்றது உண்மை சொல்லட்டும் என்று இரண்டு திசைகாட்டிகள். வண்டியில் ஏறுவதற்கே அவளைப் பின்னாலிருந்து தள்ள வேண்டியிருந்தது.

வண்டி பறந்தது. வெண்டலின் வாயும் பறந்தது.

"துப்பாக்கி காலியா உறையில பின்னாடி இருக்கு. இறங்கினதும் வாயைத் தரைப் பக்கம் வெச்சு எடு. எனக்கு நேரா நீட்டிடாதே. தோட்டா வலது பையில. அந்தப் பையில சாவி, சில்லறை, உதட்டு மெழுகு எதையும் போடாதே. நடக்கும்போது ஏத்தாதே, நின்ன பிறகுதான் ஏத்தணும். வேலி தாண்டணும்னா முதல்ல துப்பாக்கி அந்தப் பக்கம், அப்புறம் நீ. மூச்சைப் பாதி விட்டுட்டு விசையை அழுத்து. சுண்டாதே, அழுத்து. தோளுக்குப் பின்னாடிதான் குறி. பயமா இருக்கா?"

"இல்லே, வெண்டல்."

"இருக்கும். முதல் தடவை எல்லாருக்கும் இருக்கும். கையைக் குடு." ஒரு கையால் அவள் உறையணிந்த கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பக்கத்துலேயே நிப்பேன். ஒண்ணும் ஆகாது."

"வெண்டல், நீ எவ்வளவு நல்லவன்னு எனக்கு அப்பப்ப மறந்து போயிடுது" என்றாள் கோரின். "அதனாலதான் சொல்ல முடியலே. வண்டியை ஒரு ஓரமா நிறுத்தேன்."

"நிறுத்துறதா? சோதனைச் சாவடி வந்தாச்சு, அங்கே நிறுத்தித்தானே ஆகணும்!"

ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வேட்டைச் சோதனைச் சாவடி. வேட்டைக்குப் போகிற வண்டியும் வருகிற வண்டியும் அங்கே நிற்க வேண்டும். அதிகாரி ஆட்ரா, பனியில் மூக்கு சிவந்த இளம்பெண், கையில் அட்டையோடு வந்து குனிந்தாள். வெண்டல் கண்ணாடியை இறக்கி, முகமெல்லாம் பல்லாக அறிவித்தார்:

"மூஸ் பர்மிட்! என் மனைவி பேர்ல! முதல் வேட்டை!"

கோரின் ஆரஞ்சுத் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். அதற்குள் ஆட்ரா அவளைப் பார்த்துவிட்டாள்.

"அட, கோரின் மேடம்! செப்டம்பர்ல வேட்டை தொடங்கின முதல் நாள் காலையிலேயே நீங்க சுட்டுக் கொண்டுவந்த மூஸ்தான் இந்த வருஷத்துலேயே பெரிசு. வீட்டுக்காரர் இன்னும் துப்பாக்கி தேர்ந்தெடுத்துட்டிருக்கார்னு சொன்னீங்களே, இவர்தானா அது?"