இரட்டைக் குடையும் இட்லிக் குண்டா மூடியும்

எனக்கு ஒரு விஷயத்தில் ஒன்றுமே தெரியாது என்றால், அதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிவிடுவேன். கல்யாணமான புதிதில் அப்படி எழுதியது, வாளும் கேடயமும் பிடித்துச் சண்டை போடுவது எப்படி என்பதை.

ஞாயிறு மதியங்களில் குன்னூரில் எங்கள் வீட்டில் நான்கைந்து பேர் கூடி ஒரு விளையாட்டு ஆடுவோம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி அந்தக் கதைக்குள் நடமாட வேண்டும். சண்டை வந்தால் வெற்றி யாருக்கு என்று பகடை சொல்லும். கதை சொல்பவன் நான். (வேறு யாரும் முன்வரவில்லை என்பதை என் தலைமைப் பண்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

அச்சிட்ட விதிகளின்படி கேடயம் பிடித்தவருக்குக் கொஞ்சம் பாதுகாப்பு கூடும், அவ்வளவுதான். இதில் யதார்த்தமே இல்லை என்று எனக்குப் பட்டது. வெலிங்டன் ராணுவ முகாமில் எனக்குக் குமாஸ்தா வேலைதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே தினமும் சிப்பாய்கள் ஓடுகிறார்களே! அந்தப் போர் அனுபவத்தை வைத்து மூன்று மாதம் உழைத்துப் புது விதிகள் எழுதினேன். கேடயம் என்பது ஒளிந்துகொள்ளும் பலகை. அதைத் தூக்கிய சுற்றில் வெட்ட முடியாது. இரண்டு கையிலும் வாள் இருந்தால் இரண்டு வெட்டு.

அந்த வாரம் என் மனைவி கவிதாவின் தங்கை நிஷா கூடலூரிலிருந்து வந்திருந்தாள். "நானும் ஆடறேன் மாமா" என்று உட்கார்ந்தாள். கேடயம் ஏந்திய ஒரு காவல்காரியை உருவாக்கி, அவளுக்குப் பெயர், ஊர், உடைந்த முன்பல் எல்லாம் ஒரு மணி நேரம் யோசித்து எழுதினாள். முதல் சண்டையிலேயே என்னுடைய இரட்டைவாள் கொள்ளைக்காரன், என்னுடைய விதிப்படி, அவளை மூன்று சுற்றில் தீர்த்துவிட்டான்.

நிஷா தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரிசை கையில இருந்தா வெட்டக் கூடாதுன்னு யாரு மாமா சொன்னா?"

"பரிசையா?"

"கேடயந்தான். எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்."

"நிஜ சண்டையில அப்படித்தாம்மா."

"நிஜத்துல அப்படியில்லீங்க மாமா."

நண்பர் போஜன், "வாசல்ல எறங்கிக் காட்டீட்டாப் போச்சு" என்று தூபம் போட்டார். நான் எழுந்து, "இவ என்னை ஒரே ஒரு தடவை தொட்டுட்டா, நாப்பது பக்கத்தையும் கிழிச்சுப் போட்டர்றேன்" என்று அறிவித்தேன்.

"ஏனுங்க, வேண்டாங்க" என்றாள் கவிதா. ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு அவளே சமையலறைக்குப் போய் இட்லிக் குண்டா மூடியை எடுத்து வந்து தங்கையிடம் கொடுத்தாள்.

எனக்கு இரண்டு குடைகள். நிஷாவுக்கு ஒரு குடையும் மூடியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் படியில் இடம் பிடித்துவிட்டார்கள். வாடகை வாங்கினாலும் என்னை எப்போதும் 'சார்' என்று அழைக்கும் எங்கள் வீட்டுக்காரரும் வந்து நின்றார்.

நிஷா செருப்பைக் கழற்றிவிட்டுத் தாழ்ந்தாள். ஒரு மனித உடம்பு அவ்வளவு தாழ முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அடுத்த கணம் மூடி என் முகத்துக்கு நேரே வந்தது. மலையும் மேகமும் போஜனும் மறைந்து, உலகமே அலுமினியம் ஆகிவிட்டது. வலது குடையை வீசினேன். இடது கையும் கூடவே போனது. (இரண்டு கைக்கும் தனித்தனியே யோசிக்கத் தெரிய வேண்டும் என்று என் விதிகளில் எங்கும் இல்லை.) மூடியின் விளிம்பு என் மணிக்கட்டுகள் இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தது. பஸ்ஸில் வழி கேட்பவர் தொடுவதுபோல, விலாவில் ஒரு குடை நுனி மெல்லப் பட்டது.

"ஒண்ணு" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியாது. மூன்றாவதற்குப் பயந்து பின்வாங்கினேன். வாசலுக்குக் கீழே தேயிலைச் சரிவு. குப்புறக்கூட இல்லை, உட்கார்ந்த வாக்கில் ஒரு தேயிலைச் செடிக்குள் இறங்கினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. வாய் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அவள் அசைவில் ஓர் அங்குலம்கூட வீணாகவில்லை. மழைத்தண்ணீர் பாறை இடுக்கில் வழி தேடிக்கொள்வதுபோல இருந்தது அது.

செடிக்குள் இருந்தபடியே, "இன்னொரு தடவை மெதுவாக் காட்டும்மா" என்றேன்.

காட்டினாள். "ஒளியறதுக்கில்ல மாமா இது. உங்க கண்ணை மூடறதுக்கு. உங்க கையைக் கட்டறதுக்கு. வெட்டு அதுக்குப் பின்னாலயே வந்துட்டிருக்கும்."

பத்து வருடம் களரிப் பயிற்றுச் சண்டை கற்றவளாம். அன்றைக்கே நாற்பது பக்கத்தையும் கிழித்தேன். செத்த காவல்காரியை எழுப்பி உட்கார வைத்தேன்.

எல்லோரும் போன பிறகு, முதுகில் ஒட்டியிருந்த தேயிலையை எடுத்துவிட்ட கவிதாவிடம், "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீங்க கேட்டாத்தானுங்களே? மூணு மாசமா அதையே எழுதறீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" ஒரு இலையை உதறிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "நானும் அதே களரிக்கு எட்டு வருஷம் போனேன்."

இப்போதும் கூடலூரில் மாமனார் வீட்டில், அரசியலோ கிரிக்கெட்டோ, நான் எதையாவது அடித்துச் சொல்ல ஆரம்பித்தால், மாமியார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளே இருக்கும் மகளுக்குக் குரல் கொடுப்பார்: "மோளே, அந்த மூடியக் கொஞ்சம் எடு."

நான் உடனே, "எனக்குச் சரியாத் தெரியலீங்க அத்தை" என்று சொல்லிவிடுவேன்.