முகம் கழுவிய தண்ணீர்

மேகம் தரையிறங்கித் தூங்கும் மலைகளுக்கு நடுவே துயில்நாடு என்றொரு ராஜ்ஜியம். அங்கே ஒரு வினோதம். காலையில் எழுந்ததும் முகம் கழுவினால், அன்று கண்ட கனவு அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். ஜனங்கள் அதைச் செம்பில் பிடித்துச் சற்று நேரம் பார்த்துவிட்டு, செடிக்கு ஊற்றிவிட்டு வேலைக்குப் போவார்கள்.

பூவாத்தாளுக்கு மட்டும் ஊற்ற மனசு வராது. கிணறு வெட்டும்போது மண் சரிந்து செத்துப்போன அவள் புருஷன் நாச்சிமுத்து, தினமும் விடியற்காலைக் கனவில் வருவான். சுட்ட கிழங்கைத் தோலுரித்து, ஊதி ஊதி அவளுக்கு ஊட்டுவான். மற்றபடி அவளுக்கு நாதியில்லை. புருஷனை இழந்தவர்களுக்கு அரண்மனை கொடுக்கும் நெல்லில்தான் அவள் அடுப்பு எரிந்தது.

அதற்கும் வந்தது வேட்டு. தகுதியில்லாதவர்கள் நெல் வாங்குவதாக அமைச்சர் இமயவர்மருக்குச் சந்தேகம். மனிதர்கள் பொய் சொல்வார்கள், தண்ணீர் சொல்லாது, இனி கனவுத் தண்ணீரைப் பார்த்தே நெல் என்று சட்டம் போட்டார். அவரே பல்லக்கில் வந்து இறங்கி, பூவாத்தாளின் செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"கணவர் நாள் தவறாமல் வருகிறார். உணவும் தருகிறார். ஆகவே நீ விதவையும் அல்ல, பசித்தவளும் அல்ல."

"ஐயோ சாமி, கனவுலதானுங்க வர்றாரு!"

"எங்கே வந்தால் என்ன? வருகிறாரா, இல்லையா?"

"வர்றாருங்க."

"நேர்மைக்கு நன்றி," என்றார் அமைச்சர். நெல் நின்றது.

கனவுக் கிழங்கு வயிற்றை நிரப்புமா? பூவாத்தாள் கண்ட கீரையையும் பறித்துத் தின்றாள். நடந்தால் தலை சுற்றியது. அப்போதுதான் கருணையே உருவான இரண்டாவது சட்டம் வந்தது. கனவை அரண்மனையில் ஒப்படைப்பவர்களுக்கு மீண்டும் நெல் தருவது பரிசீலிக்கப்படும். ஒப்படைத்த கனவு திரும்ப வராது.

பாவி மனசு எவ்வளவு நாள்தான் தாங்கும்? ஒருநாள் செம்பை இரு கையாலும் ஏந்தி அரண்மனைக்கு நடந்தாள். வழியெல்லாம் தண்ணீருக்குள் நாச்சிமுத்து அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தான். "கோவிச்சுக்காதீங்க, பசி தாங்கலீங்க," என்று சொல்லிக் காவலனிடம் கொடுத்தாள். மறுநாள் அவள் முகம் கழுவிய தண்ணீரில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அதைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

மகாராஜாவுக்கோ நெடுங்காலமாகத் தூக்கமே கிடையாது. குவிந்து கிடந்த செம்புகளில் ஒன்றை எடுத்து முகம் கழுவினார். அடேயப்பா, என்ன தூக்கம்! கண்ணீரோடு எழுந்தார். "குடிசையில் இருந்தேன். கூரை ஒழுகியது. யாரோ ஒருவன் கிழங்கு சுட்டான். அமைச்சரே, நாம் ஏழை!"

மகாராஜாவின் கனவை ஊரெல்லாம் பறையறைந்தார்கள். உடனே மூன்றாவது சட்டம் பிறந்தது. ஏழைக் கனவு எவருக்கு வருகிறதோ, அவரே ஏழை. பூவாத்தாளின் தண்ணீரில் பசியும் இல்லை, ஒழுகும் கூரையும் இல்லை. "நீ வளமாக இருக்கிறாய், வாழ்த்துகள்," என்றார் அமைச்சர். அவளுக்கான நெல் மூட்டை மேளதாளத்துடன் அரண்மனைக்குப் போனது.

மூட்டையை மகாராஜா பணிவோடு பெற்றுக்கொள்வதைக் காண ஊரே கூடி நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு பூவாத்தாள் முன்னால் போனாள். நெல்லை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏனுங்க மகாராசா, உங்க கனவுல வர்ற ஆளு நல்லா இருக்காருங்களா?"

மகாராஜா முகம் சுளித்தார். "அவனா? பெருந்தொந்தரவு. நமக்கு ஒரு வாய் ஊட்ட மாட்டேன் என்கிறான். பூவாத்தா, பூவாத்தா என்று மூலை மூலையாக யாரையோ தேடுகிறான். பாதித் தூக்கம் கெடுகிறது."

பூவாத்தாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனி வந்தாருன்னா, அவ செத்துப் போயிட்டான்னு சொல்லிப் போடுங்க சாமி. பாவம், தேடாம இருப்பாரு."

மகாராஜா தலையசைத்தார். அருகில் நின்ற அமைச்சர் அதைக் கவனமாகக் கேட்டு, பூவாத்தாளின் பெயரை இறந்தோர் ஏட்டில் எழுதிக்கொண்டார். சம்பந்தப்பட்டவரே தம் வாயால் ஒப்புக்கொண்ட பிறகு விசாரணை எதற்கு? மறுநாளிலிருந்து பூவாத்தாள் வீட்டுப் பக்கம் அதிகாரிகள் யாரும் வரவில்லை.