ஆபீசரம்மாவுக்கு அகல பார்டர்

பஸ் ஸ்டாண்டைத் தாண்டிய இன்ஜினியரின் ஜீப் பள்ளிக்கூடம் வந்து சேரவில்லை. நடுவில் இருப்பது இரண்டே தெரு.

"எங்கதாம்மா போயிருப்பாங்க?" என்றார் தலைமையாசிரியர் அருணகிரி. வாங்கி வைத்த ரோஜா மாலை அவர் மேஜையில் வாடிக்கொண்டிருந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி கண்ணகி வாசலுக்குப் போய் மறுபடியும் தெருவை எட்டிப் பார்த்தாள். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. எட்டாம் வகுப்பு படிக்கும் அவள் மகள் இனியா, காலையில் கொண்டுபோகும் தண்ணீர் பாட்டிலை மாலையில் அப்படியே திருப்பிக் கொண்டுவருவாள். குடித்தால் போக வேண்டுமே. போன மாதம் பிரேயரில் மயங்கி விழுந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றிலிருந்து கண்ணகி தறியில் உட்கார்ந்த நேரத்தைவிட ஆபீஸ் வராந்தாக்களில் நின்ற நேரம்தான் அதிகம். கடைசியில், இன்ஜினியர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் புதுக் கழிப்பறை என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு விட்டால் அடுத்த வருஷம்தான்.

வழி காட்டிக் கூட்டிவரக் குழு உறுப்பினர் சிவகுமாரை ஆட்டோவோடு பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தாள். அவனுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஆபீசரம்மா பத்திரமா கீறாங்க. சுப்பராயலு அண்ணன் வூட்ல புடவை பாத்துகினு கீறாங்க."

"புடவையா? உன்னை எங்க கூட்டியாரச் சொன்னேன்?"

"ஸ்கூலுக்குத்தான்க்கா. வெளியூர் வண்டி, உள்ள மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பழக்கதோஷம், ஆட்டோ தானா அந்தப் பக்கம் திரும்பிடுச்சு."

அவனைத் திட்டியும் பிரயோஜனமில்லை. வெளியூர் வண்டியில் ஒரு பெண்மணி வந்தால், அவர் பட்டு எடுக்கத்தான் வந்திருக்கிறார் என்பது ஆரணியில் எழுதப்படாத சட்டம். கூட வந்த ஆண்களை வாசலில் உட்காரவைத்துவிட்டு அந்தம்மாவை உள்ளே அழைத்துப் போவார்கள். ஆனாலும் வந்திருப்பது பெண் அதிகாரி என்றதும் கண்ணகிக்குப் பாதி உயிர் திரும்பியது. ஒரு பெண்ணுக்கு இதை விளக்கவா வேண்டும்?

புருஷன் சரவணனைக் கூப்பிட்டாள். "இன்னாங்க, ஜல்தியா சுப்பராயலு வூட்டுக்குப் போயி ஆபீசரம்மாவ இங்க கூட்டினு வாங்க."

போனவன் வரவில்லை. போன்தான் வந்தது. "கண்ணகி, அவங்க கேட்ட மாம்பழ மஞ்சள் சுப்பராயலு கிட்ட இல்ல. நம்ம வூட்ல கீதே. ஒரு பார்வை பாத்துட்டு வந்துடறோம்."

"ஒரே பேஜாரா போச்சு சார்" என்று அருணகிரியிடம் சொல்லிவிட்டுக் கண்ணகி தானே ஓடினாள்.

வீட்டு வாசலில் ஜீப் நின்றது. வெளுத்த அரைக்கைச் சட்டை போட்ட ஒருவர் அதன்மேல் சாய்ந்திருந்தார். "ஏம்மா, அந்த ஸ்கூல்..." என்று ஆரம்பித்தார்.

"தோ கூட்டினு வரேன் டிரைவரண்ணே. நீங்க வண்டியத் திருப்பி வைங்க."

உள்ளே பாய் முழுக்கப் புடவை. ஆபீசரம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காலி இளநீர். அங்கே சுப்பராயலு வீட்டில் பன்னீர் சோடாவும் காபியும் ஆகியிருந்தன.

"மேடம், ஸ்கூல் பாக்கத்தானே வந்தீங்க?"

"ஆமாம்மா, அதுக்குத்தான் வந்தோம். கிளம்பலாம். இந்தப் பார்டர் மட்டும் இன்னும் கொஞ்சம் அகலமா இருந்திருந்தா..."

போகலாம் மேடம் என்று சொல்லத்தான் கண்ணகி வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"அகல பார்டர் உள்ள கீது மேடம். அதே மஞ்சள்ல அரக்கு. பிரிச்சிக் காட்டட்டா?"

பீரோவைத் திறந்த பிறகுதான் அவளுக்கே தன் நாக்கின் மேல் எரிச்சல் வந்தது. அதற்குள் மேடம் அந்தப் புடவையை வாங்கி முடித்திருந்தார். சரவணன் கொடுத்த மோரையும் குடித்திருந்தார்.

பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அருணகிரி மாலையோடு பாய்ந்து வந்தார்.

"எனக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று மேடம் பின்வாங்கினார்.

"பெரிய மனசு மேடம் உங்களுக்கு" என்று அருணகிரி மாலையைப் போட்டேவிட்டார். மேடம் கையிலிருந்த புடவைப் பையை வாங்கி டிரைவரிடம் கொடுத்து வைத்திருக்கச் சொன்னார். டிரைவர் மறுபடி வாயைத் திறந்தார். யாருக்கும் காது இல்லை.

அறைக்குள் வந்ததும் மேடம் கண்ணகியின் காதருகே குனிந்தார். "இங்க பாத்ரூம் எங்கம்மா?"

காபி, சோடா, இளநீர், மோர் எல்லாம் சேர்ந்து கேட்ட கேள்வி அது.

"ஸ்டாஃப் டாய்லெட் சாவி இங்கதான் ஆணியில மாட்டியிருப்பேன்" என்று அருணகிரி சுவரைத் தேடினார். கண்ணகி நகர்ந்து அந்த ஆணியை முதுகால் மறைத்துக்கொண்டாள்.

"டீச்சர் எடுத்துகினு தேவிகாபுரம் பஸ் ஏறிட்டாங்க சார்" என்றாள் கூசாமல். "நீங்க வாங்க மேடம், பிள்ளைங்களோடது கீது."

கதவில்லாத வாசலைப் பார்த்து மேடம் அப்படியே நின்றுவிட்டார். "இதுலயா?"

"எங்க பிள்ளைங்க ரெண்டு பேர் துப்பட்டாவப் பிடிச்சிகினு நிப்பாங்க மேடம். உங்களுக்கு நாங்க பிடிக்கறோம்."

பிடிக்கத் துணி வேண்டும். பின்னாலேயே வந்த டிரைவர் கைப் பையில் இருந்தது மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர்தான். கண்ணகி ஒரு முனையும் குழு உறுப்பினர் பரிமளா மறுமுனையுமாகப் புதுப் பட்டை விரித்துப் பிடித்தார்கள். பார்டர் அகலம் இப்போது நன்றாகவே உதவியது.

"தண்ணி?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"டிரைவரண்ணே, ரோட்டுக்கு அந்தாண்ட அடிபம்பு கீது. ஒரு பக்கெட் அடிச்சினு வாங்க."

அவர் ஓடினார். அடிபம்பு மசியவில்லை போலிருக்கிறது. வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். பரிமளா வாங்கி உள்ளே கொடுத்தாள். "இன்னொண்ணு அண்ணே" என்றாள் கண்ணகி. மறுபடியும் ஓடினார்.

வெளியே வந்த மேடத்தின் முகம் மாறியிருந்தது. "பொண்ணுங்க தினமும் எப்படிம்மா?"

"தண்ணியே குடிக்கறதில்ல மேடம். என் பொண்ணு மயங்கி வுழுந்தா." இத்தனை நாள் எந்த ஆபீசிலும் அவள் அழுததில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மனுவை நீட்டினாள். "இதுல ஒரு கையெழுத்து மேடம். நல்ல காலம், லேடி ஆபீசரா வந்தீங்க. ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது? தோ, உங்க டிரைவரையே பாருங்க, ரெண்டு பக்கெட் தண்ணிக்கு எவ்ளோ நேரம்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுவை அவர் வாங்கவில்லை.

இரண்டாவது பக்கெட்டைக் கீழே வைத்த டிரைவர், ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"குடுங்கம்மா, நான் போடறேன். டிரைவர் இன்னைக்கு லீவு. இவங்க எங்க வீட்டம்மா, புடவை எடுக்கக் கூட வந்தாங்க, இன்ஜினியர் நான்தான்."