கொடியில் பறந்த கைலி

வீட்டுக்காரரைக் கேட்காமல் எடுத்த துணியை ஊர் நடுவே உயரத்தில் ஏற்றக் கூடாது. இருபது வயதில் இந்தச் சின்ன விஷயம் எனக்குத் தெரியவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாக்கா காஜா பெராங்கில் குடித்தனம் நடத்த வந்த மறுவருடமே ஜப்பான்காரன் வந்துவிட்டான். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. துணி போனது, அதற்குப் பதில் எதுவும் வரவில்லை. அந்த நேரத்தில்தான் எங்கள் பகுதி இந்தியர்கள் சேர்ந்து ஜனவரி இருபத்தாறில், அன்றைய வழக்கப்படி, சுதந்திர தினம் கொண்டாடத் தீர்மானித்தார்கள். (சுதந்திரம் அப்போது வந்திருக்கவில்லை. பிள்ளை பிறக்கும் முன்பே தொட்டில் கட்டுகிற ஆசைதான்.)

கொடி தைக்க ஆள் தேடியபோது, "பள்ளிக்கூடத்துல தையல்ல நான்தான் முதல்" என்று வாயை விட்டேன். (இரண்டாவதாக யாரும் இல்லை என்பதைச் சொல்லவில்லை.) விழாச் செயலாளர் சாமிக்கண்ணு ஒரு காவி வேட்டியும் ஒரு மாவுச் சாக்கும் கொண்டுவந்து கொடுத்தார்.

"பச்சைக்கு?"

"அதுக்கு நீங்கதாம்மா வழி பண்ணணும். நாட்டுக்காக."

நாட்டுக்காக வீட்டையே புரட்டினேன். பச்சையாக இருந்தது என் கணவரின் கைலி ஒன்றுதான். ஜப்பான் சண்டைக்கு முன் வாங்கியது. தீபாவளிக்கு மட்டும் கட்டுவார். கசங்கிவிடும் என்று அன்றைக்கு உட்காரவே மாட்டார். கேட்டால் தரமாட்டார் என்பதால் கேட்கவில்லை. வெட்டினேன். ஓரத்தில் பொன்னிற மயில் முத்திரை ஒன்று இருந்தது. அழகாயிருக்கிறதே என்று அதை அப்படியே விட்டுவைத்தேன்.

கூட்டம் சேர்ப்பதும் என் பொறுப்பாயிற்று. பக்கத்து வீட்டு மீனாச்சி அக்காவை அழைத்தேன். மலாக்காச் செட்டி வம்சம். பெயரும் சாமியும் நம்முடையவை, பேச்சு மட்டும் மலாய். கோஷம் புரியாதே என்று தயங்கினார்.

"அவர் எதைக் கத்தினாலும் அதையே நீங்க இன்னும் பலமா கத்துங்க, போதும்" என்றேன், எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில்.

"போலே லா!" (அதற்கென்ன, செய்தால் போச்சு!) என்று சொந்தபந்தம் அத்தனையையும் திரட்டி வந்துவிட்டார்.

கோஷம் போடும் 'அவர்' என் கணவர். காஜா பெராங்கில் அவர் தும்மினால் அடுத்த பேட்டையான தெங்கேராவில் 'ஆயுசு நூறு' என்பார்கள்.

முன்வரிசையில் ஒரு ஜப்பானிய அதிகாரி வாளோடு நின்றார். கன்னத்தில் அறைவது அவருக்குக் காலை வணக்கம் மாதிரி. கொடி மேலே போய் விரிந்தது. வெயிலில் மயில் மின்னியது. என் கணவர் கையை உயர்த்தினார், வாயைத் திறந்தார், மயிலைப் பார்த்தார்.

"ஐயோ, என் கைலி!"

"ஐயோ, என் கைலி!" என்று மீனாச்சி அக்காவின் கூட்டம் வானம் அதிர முழங்கியது.

தமிழ் தெரிந்தவர்கள் மூச்சுவிட மறந்தார்கள். அதிகாரி புருவத்தை நெரித்துக்கொண்டு, என்ன அது என்று உறுமினார். நான் என் கணவரின் கன்னத்தைப் பார்த்தேன். அறை விழுமுன்பே என் இரண்டு கன்னமும் எரிந்தன. சாமிக்கண்ணுதான் தனக்குத் தெரிந்த நாலு ஜப்பானிய வார்த்தையில், "தாய்நாட்டுக்கு வாழ்த்து" என்று சொல்லிவைத்தார்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. விறைப்பாக நின்று கொடிக்குச் சல்யூட் அடித்து, நெஞ்சு விம்மக் கத்தினார்: "ஐயோ, என் கைரி!"

திருப்பிச் சொல்லாமல் இருக்க முடியுமா? எல்லோரும் சொன்னோம். என் கணவரும் சொன்னார், கண்ணில் நீர் வழிய. என்ன தேசபக்தி என்று பக்கத்தில் இருந்தவர்கள் உருகினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் கைலி இருந்த பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு, "காவி ஊரார் கொடுத்தது, வெள்ளை ஊரார் கொடுத்தது. பச்சை மட்டும் என் இடுப்புலேர்ந்தா போகணும்?" என்றார்.

"நாட்டுக்காகங்க."

"நல்லவேளை, நான் கட்டியிருக்கும்போது உருவாம விட்டியே" என்று சிரித்துவிட்டார்.

மீனாச்சி அக்காவுக்கு மட்டும் யாரும் அர்த்தம் சொல்லவில்லை. பல வருடம் கழித்து எங்கள் மகளின் கல்யாணத்தில், தாலி ஏறியதும் அட்சதையைத் தூவி, இரண்டு கையையும் உயர்த்தி, "ஐயோ, என் கைலி!" என்று மனதார வாழ்த்தினார். நான் திருத்த எழுந்தேன். என் கணவர் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சும்மா இருடி. இவ்வளவு அன்பா யாரு வாழ்த்துவா?"

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் அது இல்லாமல் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. போன மாதம் ஆயர் குரோவில் பேரன் கல்யாணம். கெட்டிமேளம் அடங்கியதும் நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் முழங்க, சம்பந்தி பாவம், தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார்.